ஜாடிக் கைப்பிடியில் ஒரு பள்ளம்

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் சரித்திரம் படித்தேன். வகுப்போடு மாமல்லபுரம் பக்கம் போனபோது, நாளெல்லாம் மணலைக் கிளறிய எனக்குக் கிளிஞ்சல்தான் கிடைத்தது. சும்மா செருப்பை உதறிய என் அறைத்தோழி ஸ்டெல்லாவின் காலடியில் ஒரு மண்ஜாடிக் கைப்பிடி!

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோம்லேர்ந்து கப்பல்ல ஒயின் வந்த ஜாடிம்மா இது!" என்று சார் பூரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா அதை நீட்டினாள். "செஞ்சவன் கட்டைவிரல் அழுத்தின பள்ளம்டி. என் விரல் லொடலொடன்னு ஆடுது. நீ வச்சுப் பாரேன்."

ஹாஸ்டலே கேலி செய்யும் என் தடித்த விரலை வைத்தேன். அளவெடுத்தது போலப் பொருந்தியது. கடலுக்கு அப்பாலிருந்து யாரோ கையைப் பிடித்ததுபோல் சிலிர்த்தது.

ஸ்டெல்லாவின் முகம் சுண்டிப்போனது. "போதும், குடுடி" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

ரோமாபுரியைவிட அந்த முகம்தான் எனக்கு இன்றும் இனிக்கிறது.