கொலுவில் வழிந்த கண்ணீர்

இரண்டு கண்ணிலும் கேடராக்ட் எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்த வருடம், அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளானோவில் எனக்கும் என் கணவருக்கும் ஒரே சண்டைதான்: கார் சாவி. லென்ஸ் வைத்த சிலருக்கு விளக்கைப் பார்த்தால் கண் கூசும் என்று டாக்டர் சொல்லித் தொலைத்திருந்தார். இவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை கூசிச்சுன்னு தெரியட்டும், அப்புறம் இருட்டினா நான்தான் டிரைவ் பண்ணுவேன்."

நான் சொல்வேனா? இவர் ஓட்டினால் ஃப்ரீவேயில் பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடிப்பான். மானம் போகும்.

நவராத்திரி வந்தது. தெரிந்த பெண் ஒருத்தி வீட்டுக் கொலுவுக்குப் போனோம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் மலிவாகக் கிடைக்கும் சர விளக்குகளை வாங்கி, அடுத்த கொலுவுக்குப் பத்திரப்படுத்துவது நம்மவர்கள் வழக்கம். அந்த வருடம் எல்.ஈ.டி. சரம் புதுசு. படிக்குப் படி சுற்றியிருந்தாள். "ஆன்ட்டி, ஒரு பாட்டு" என்று நேர் எதிரே உட்கார வைத்தாள்.

ஒவ்வொரு பல்பும் ஊசியாகக் குத்தியது. அம்மன் பொம்மையே தெரியவில்லை. கண்ணை மூடலாம் என்றால், இவர் சுண்டலை மென்றபடி என் இமையையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த கண்ணோடு பாடினேன். பொலபொலவென்று நீர் கொட்டியது.

"என்ன பக்தி ஆன்ட்டி உங்களுக்கு! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நாளைக்கு எங்க அக்கா வீட்டுக்கும் வரணும்" என்றாள் அந்தப் பெண். சுற்றியிருந்தவர்களும் ஆளுக்கொரு நாள் கேட்டார்கள். எல்லாருக்கும் சரி என்றேன். பக்தி என்றே இருக்கட்டும், சாவி தப்பித்ததே!

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். முதல் சிக்னலில் சிவப்பு. அதுவும் எல்.ஈ.டி. கண் மறுபடி கொட்டியது.

"இங்க எந்த அம்பாள் காட்சி குடுத்தா?" என்றார் இவர்.

வேறு வழியில்லாமல் அதே பாட்டை எடுத்தேன். பச்சை விழும்வரை விடாமல் பாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டு ரொம்ப நல்லாருக்கு. அந்தக் கடை பார்க்கிங்ல நிறுத்து."

நிறுத்தினேன். சாவியைக் கொடுக்கும்போது நிஜமாகவே அழுகை வந்தது.

ஆனால் ஒப்புக்கொண்ட கொலுவையெல்லாம் விடமுடியுமா? மிச்ச நாள் முழுக்க இவர்தான் டிரைவர். டிவியில் கிரிக்கெட் போச்சு, சாயங்காலத் தூக்கம் போச்சு. பின் சீட்டில் சுண்டல் பைகள் சேர்ந்தன. கடைசி நாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கெஞ்சினார்:

"தாயே, இன்னும் எத்தனை வீட்டுல அழணும்?"