ஐந்நூறு லிட்டருக்கு நான் எழுதிய தீர்ப்பு

2006-ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதக் கடைசி. ஓசூர் ரோட்டில் ஹெப்பகோடியைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பீர் தொழிற்சாலை. அதன் லேபில் நான் பயிற்சியாளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்த கையோடு கிடைத்த வேலை. பிரேசர் டவுனில் சொந்தக்காரர்களிடம் அம்மா ‘ஃபுட் லேப்’ என்று சொல்லி வைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

அந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தினமும் பதினொரு மணிக்கு நடக்கும் ருசி பார்க்கும் பேனல். மேனேஜரையும் சேர்த்து ஐந்து பேர். பத்து மணிக்கு மேல் காபி கூடாது. பவுடர், சென்ட், தலையில் பூ, எதுவும் கூடாது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்து, மோந்து பார்த்து, இரண்டு மடக்கு குடித்து, தாளில் எழுத வேண்டும். என்ன வாசனை, என்ன ருசி என்று மட்டும்தான் எழுதலாம். அது ஏன் வந்தது என்று எழுதக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. காரணம் சொல்ல முடியாவிட்டால் அப்புறம் எதற்கு எம்.எஸ்ஸி.?

பேனலில் இருந்த ஒருவர், லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா. அபாரமான மூக்கு. குழாய்த் தண்ணீரில் குளோரின் கூடினால் மீட்டருக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். அதனால்தான் மேனேஜர் அவரைச் சேர்த்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. என் தாளை முடித்தபின் நான் அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். அவர் சொல்லச் சொல்ல, அவர் தாளை நான் நிரப்புவேன்.

பேனலுக்கு வெளியே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். புரூவர், அதாவது பீர் காய்ச்சுகிறவர். சந்தாபுராவிலிருந்து பைக்கில் வருவார். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். என்னை ‘மேடம்’ என்று கூப்பிடுவார், அதில் மரியாதை குறைவு, கிண்டல் அதிகம். ஒரே மாதிரி பீரை வருடம் முழுக்கக் காய்ச்சி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது ஹாப்ஸ் என்கிற ஒரு கொடியின் பச்சைப் பூ. எங்களுக்கு அது உலர்த்தி, அரைத்து, கோழித் தீவனம் மாதிரி உருண்டையாகத்தான் வரும். பறித்த பூவை உலர்த்தாமல் பச்சையாகப் போட்டு, பேல் ஏல் என்கிற மணம் கூடின பீர் ஒன்றைக் காய்ச்ச வேண்டும் என்பது அவர் ஆசை. இப்போது கிராஃப்ட் பீர் என்று பெங்களூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. அன்றைக்கு எங்களிடம் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

மேனேஜரிடம் இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஐந்நூறு லிட்டர் டிரயல் டேங்க் ஒன்று அவருக்குக் கிடைத்தது. நிபந்தனை ஒன்று: பேனலில் தேறாவிட்டால் மொத்தமும் சாக்கடைக்கு, அதோடு இந்த மாதிரிப் பேச்சையும் விட்டுவிட வேண்டும். அவர் தன் லீவைப் போட்டு ஹிமாசலத்தில் லாஹுல் வரைக்கும் போனார். அறுவடை நேரத்தில் பூவை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்து, இறங்கிய கையோடு தூங்காமல் காய்ச்சினார்.

மூன்று வாரம் கழித்து, அதை ருசி பார்க்கும் நாள். மாதிரி எடுத்து வைக்கிற முறை அன்று என்னுடையது. அதற்கு முந்தைய வாரம் முழுக்கத் தூறல். டியூப் லைட் வெளிச்சத்திலேயே எல்லா வேலையும் நடந்தது. அன்று காலையில்தான் பளிச்சென்று வெயில் அடித்தது. எனக்கு ஒரு யோசனை. வழக்கமாக மாதிரியை ஸ்டீல் ஜாடியில் எடுப்போம். இந்த பீரின் நிறத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்து, ரிப்போர்ட்டில் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் என்ன? ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் பிடித்து ஜன்னல் மேடையில் வைத்தேன். லேசான மங்கலோடு, வெல்லப்பாகு இறங்கின நிறம். பார்க்கவே ஆசையாக இருந்தது. மேனேஜருக்கு ஏதோ போன். அவர் வர இருபது நிமிடம் ஆனது. ஜாடி அங்கேயே இருந்தது.

காய்ச்சியவர் பேனல் அறைக்குள் இருக்கக் கூடாது என்பதால் புரூவர் வரவில்லை. நாங்கள் ஐவரும் கிளாஸை எடுத்தோம். மோந்ததும் எனக்கு முகம் சுளித்தது. மேனேஜர் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார். நான் என் தாளில் கடகடவென்று எழுதினேன்: கந்தக வாசனை, ஈஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை, பச்சைப் பூ வழியாகக் கிருமி புகுந்திருக்கலாம், தொற்று. ஆறு வரி. விதி தெரியும். ஆனால் இப்படி ஒரு சந்தர்ப்பம் எப்போது வரும்?

பிறகு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இன்னா கண்ணு இது, டயரு கொளுத்துன மாரி கீது. அதுக்குள்ள கொஞ்சம் கருகுன காபிக்கொட்டை.”

“கந்தகம்னு போடட்டாக்கா?”

“அது இன்னான்னு எனக்குத் தெரியாது. நான் டயருன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதாங்க்கா” என்று சொல்லி, அவர் தாளிலும் ‘கந்தகம், தொற்று போல’ என்றே எழுதினேன்.

மேனேஜர் ஐந்து தாளையும் புரட்டினார். கன்னடக்காரர், எங்களிடம் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். “இன்ஃபெக்‌ஷன்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. ஆய்து பிடி, முடிஞ்சுபோச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் டேங்க்கைக் காலி பண்ணச் சொல்லுங்க” என்றார். அவரே தாள்களை எடுத்துக்கொண்டு போய் புரூவரிடம் காட்டினார். புரூவர் என் தாளை இரண்டு தடவை படித்தாராம். ‘ஐஸ் பெட்டியிலயே பூ கெட்டுப்போயிருக்கும் சார்’ என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கு அப்போது வருத்தமில்லை. பெருமைதான். நான் சொன்னது சரி என்று நிரூபிக்க, டேங்க் காலியாவதற்குள் மாதிரி எடுத்துக் கிருமிச் சோதனை வைத்துவிட வேண்டும் என்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினேன். புரூவர் குனிந்து டேங்கின் அடியில் ஹோஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன மேடம், போஸ்ட்மார்ட்டமா?”

சோதனைக்கு வேண்டியதைப் பாட்டிலில் பிடித்தேன். மிச்சத்தை அங்கிருந்த ஸ்டீல் டம்ளரில் பிடித்து, பழக்கதோஷத்தில் மோந்தேன்.

நாரத்தை இலையைக் கசக்கின வாசனை. வெட்டின புல். ஒரு மடக்கு குடித்தேன். சுத்தமான, துள்ளலான கசப்பு. டயரும் இல்லை, கந்தகமும் இல்லை.

ஜன்னல் மேடையில் வெயிலில் வைத்த ஜாடி ஞாபகம் வந்தது. புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்த பாடம்தான் அது. ஹாப்ஸ் போட்ட பீரை வெள்ளைக் கண்ணாடியில் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் கெட்டு நாறும். பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பதே அதற்காகத்தான். அந்த நாற்றம் ‘ஸ்கங்க்’ என்ற பிராணியின் வாசனை மாதிரி இருக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பிராணியைப் பெங்களூரில் யார் மோந்திருக்கிறார்கள்? பழுப்பு பாட்டிலையும் ஸ்டீல் ஜாடியையும் விட்டு வெளியே வராத பீரையே பார்த்த எனக்கு, அது மூக்குக்கு நேரே வந்தபோது தெரியவில்லை.

“வால்வைத் திறக்காதீங்க” என்றேன்.

“ஏன்?”

“இதை மோந்து பாருங்க.”

அவர் மோந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மோந்தார். “இது நல்லாத்தானே இருக்கு!” என்று டம்ளரோடு மேனேஜர் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

மேனேஜரும் குடித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. “யாக்கே, ஏன் இப்படி? காலையில அப்படி இருந்துச்சே. அப்போ கிளாஸ்தான். சோப்பு போகாம கழுவியிருக்காங்க.” கதவுப் பக்கம் திரும்பி அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். “சோப்பா? நான் மூணு தண்ணி அலசுறேன் சார். இந்த மூக்குக்குச் சோப்பு வாசனை தெரியாதா?” என்றார். அவர் கான்ட்ராக்டில் இருந்தவர். ஒரு தப்பு போதும், காரணம் கேட்காமலே அனுப்பிவிடுவார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே வாயைத் திறக்கவில்லை. மறுபடி ருசி பார்ப்பார்கள், பீர் பிழைத்துவிடும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடியது. அக்கா என்னைத்தான் பார்த்தார். ‘நீயாவது சொல்லேன், நான் எப்படிக் கழுவுவேன்னு’ என்கிற மாதிரி. சந்தேகமே இல்லாத பார்வை.

“கிளாஸ் இல்ல சார். நான் ஜாடியை ஜன்னல்ல வெயில்ல வச்சேன். கண்ணாடி ஜாடி. இருபது நிமிஷம்” என்றேன். சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்தவும் முடியவில்லை. “அக்கா தாள்ல இருக்கறதும் அவங்க சொன்னது இல்ல. அவங்க டயர்னுதான் சொன்னாங்க. தொற்றுன்னு நான்தான் எழுதினேன்.”

புரூவர் சட்டென்று திரும்பினார். “டயர்னு சொன்னாங்களா? அந்த ஒரு வார்த்தையை எழுதியிருந்தா, வெயில் பட்ட பீருன்னு எனக்குப் படிச்ச உடனே தெரிஞ்சிருக்குமே!” மேசைமேல் இருந்த என் தாளை எடுத்து ஆறு வரியையும் சத்தமாக வாசித்தார். “இங்கிலீஷ்ல ஒரு தப்புகூட இல்ல மேடம்” என்று திரும்ப வைத்தார்.

நான்கு மணிக்கு மறுபடி பேனல் கூடியது. ஸ்டீல் ஜாடி, திரை இழுத்த ஜன்னல். எனக்கு நாற்காலி இல்லை. மேனேஜர் “புல்லு வாசனை கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா சென்னாகிதே, நல்லாருக்கு” என்று பத்துக்கு ஆறு போட்டார். அக்கா எட்டு. மொத்தத்தில் தேறியது. அந்த பீர் பெரிதாக விற்பனைக்கு வரவில்லை. ஆனால் டிரயல் டேங்க் புரூவரிடமே இருந்தது. அடுத்த வருடமும் அவர் லாஹுலுக்குப் போனார்.

எனக்குக் கிடைத்த தண்டனை, மூன்று மாதம் ருசி பார்க்கக் கூடாது. அக்கா சொல்வதை அப்படியே, அவர் வார்த்தையிலேயே, தமிழில் எழுத மட்டும் வேண்டும். முதல் நாள் நான் பேனாவோடு போய் உட்கார்ந்ததும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னிக்கி ஒயுங்கா எய்துவியா, இல்ல உன் பாட்டுக்குப் பாடம் எய்துவியா?” என்றார். “நீங்க சொல்லுங்கக்கா” என்றேன். அந்த மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்ட அளவு வாசனைகளை இரண்டு வருட எம்.எஸ்ஸி.யில் கற்கவில்லை.

பீர் வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கும் மற்றவர்கள் செய்ததைச் சோதித்து, தேறியது, தேறவில்லை என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. ‘தேறவில்லை’ என்று எழுதப் போகும் ஒவ்வொரு முறையும், அது என் கைக்கு வந்தபின் நான் அதற்கு என்ன செய்தேன் என்பதற்கு முதலில் எனக்கு நானே பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது, சில நாட்கள் அந்தப் பதிலில் தப்பு என்னுடையதாகவே இருக்கிறது.