ஒரு வேளைப் பால்

போன செவ்வாய்க்கிழமை என் கிளவுஸ் கிழிந்தது. விரல் இடுக்கில், கடுகளவு. நான் கவனிக்கவில்லை... அதுதான் வினை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் புகையிலைத் தாள் தயாரிக்கும் தொழிற்சாலையில் கெமிஸ்ட். தூள், காம்பு, உடைசல் என்று மிஞ்சியதையெல்லாம் அரைத்து, தண்ணீர், கிளிசரின், பசை சேர்த்து, தோசை மாவுப் பதத்தில் கரைப்போம். ஸ்டீல் பெல்ட்டில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்தால் பழுப்புத் தாள். அது வெளிநாட்டுக்குப் போகிறது. அங்கே ஒரு கருவியில் செருகி, கொளுத்தாமல் சூடு மட்டும் ஏற்றி இழுக்கிறார்கள். படித்துவிட்டு இந்த வேலையா என்று கேட்காதீர்கள். நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கரைசலில் சாம்பிள் எடுத்தபோது கிழிசல் வழியாகக் கைக்குள் இறங்கியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தலைசுற்றல், குமட்டல். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, "தோல் வழியா நிகோடின் ஏறியிருக்கும்மா. உங்களுக்கு சரியாயிடும். ஆனா நாளைக்குக் காலை வரைக்கும் குழந்தைக்குப் பால் குடுக்க வேணாம்" என்றார்.

என் மகளுக்கு ஆறு மாதம். கணவர் வேலையாக ஓசூரில். பகலில் அவளை எங்கள் காட்டூர் ஃபிளாட்டுக்கு எதிரில் இருக்கும் நஸீமா அக்காதான் பார்த்துக்கொள்கிறார். காலையில் எடுத்து வைத்த பாலை மாலைக்குள் தீர்த்துவிட்டிருந்தாள். பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்தேன். துப்பினாள். பாலாடையில் புகட்டினேன். மறுபடி துப்பினாள். என்னைப் பார்த்துப் பார்த்து அழுதாள். மார்பு கட்டிப்போய் எனக்கும் வலி. வேலைக்கே போயிருக்கக் கூடாதோ... இன்னொரு முறை குளித்துவிட்டுக் கொடுத்தால் பரவாயில்லையோ?

அழுகுரல் கேட்டு வந்த நஸீமா அக்கா விஷயத்தைக் கேட்டார். அவர் இடுப்பில் எட்டு மாதப் பையன்.

"இதுக்கா நிக்கிறீங்க? இவனைப் பிடிங்க, அவளைக் குடுங்க."

நான் தயங்கினேன்.

"என்ன, உங்க வீட்டுல ஏதும் சொல்லுவாங்களா?"

அவள் அழுகை எனக்குப் பதில் சொல்ல நேரம் தரவில்லை. கொடுத்துவிட்டேன். பிஸ்மில்லா சொல்லி மடியில் போட்டுக்கொண்டார். சத்தம் சட்டென்று நின்றது. பையன் என் கையிலிருந்து, பஸ்ஸில் தன் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டது போல முறைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க வழக்கத்துல ஒரு தடவ குடிச்சாலே பால்குடி உறவுங்க. இனிமே ரெண்டும் அண்ணன் தங்கச்சி. நாளைக்குக் காலேஜ் போயி லவ்வு அது இதுன்னு வந்து நின்னா நிக்காஹ்லாம் கெடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

அழுதுகொண்டிருந்த நான் சிரித்தேன்.

அவள் தூங்கியதும் ஸ்ரீரங்கத்துக்கு, அம்மாவுக்கு, போன் செய்தேன். பூண்டை வாசற்படி தாண்ட விடாத அம்மா. சொல்லலாமா, வேண்டாமா என்று நாலு முறை யோசித்துச் சொன்னேன். திட்டு விழப்போகிறது என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"குழந்தை வயிறு ரொம்பித்தா?"

"ரொம்பித்தும்மா. தூங்கறா."

"அப்போ அந்தப் பொண்ணுக்கு நாளைக்குப் பூண்டு நன்னா தட்டிப் போட்டு ரசம் வெச்சுக் குடு. ரெண்டு குழந்தைக்கும்னா பால் ஊற வேண்டாமா?"

மறுநாள் ரசத்தோடு போய் நன்றி சொல்ல வாயெடுத்தேன். நஸீமா அக்கா தூக்குச் சட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "உப்பு சரியா போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது எப்போது என்று விசாரிக்கும் சொந்தங்களுக்கு ஒரு தகவல் — என் மகளுக்கு ஏற்கெனவே ஒரு அண்ணன் இருக்கிறான்.