ஒரே மூச்சில் ஒரு வரி

ஓணத்துக்கு மூன்று நாள் பூட்டிக் கிடந்த எங்கள் மெத்தை யூனிட்டை ஒரு வெள்ளிக்கிழமை திறந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். ஸ்டெல்லா அக்கா பஞ்சு மெஷினை நிறுத்திவிட்டு, பொதியில் சாய்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இது திங்கட்கிழமை வருகிற நோவு ஆயிற்றே, வெள்ளிக்கிழமை எப்படி வந்தது?

யூனிட் கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நூல் மில்களின் கழிவுப் பஞ்சை வாங்கி, மெஷினில் பிரித்து, மெத்தையும் தலையணையும் அடைக்கிறோம். பதினொரு பேர். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்து, இங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். சாயங்காலம் மெஷினை கம்ப்ரஸர் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவோம். திறந்திருந்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியெல்லாம் பஞ்சாகிவிடும், சண்டைக்கு வருவார்கள். அவர்கள் துணிக்குப் போகாத தூசு எங்கே போகிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை. நானும்தான்.

ஸ்டெல்லா அக்கா இருபது வருடமாகச் சபைப் பாடகர் குழுவில் நிற்கிறவர். ஞாயிறு பாடுவார், திங்கள் மதியத்துக்கு மேல் நெஞ்சு இறுகும், செவ்வாய் குறையும், புதன்கிழமை அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோகும். தொண்டை கிழியப் பாடுவதுதான் காரணம் என்று யூனிட்டில் எல்லோரும் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். வீட்டுக்காரரும் அதையே சொன்னார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்குவதற்குள் குழுவை விட்டு விலகுவது என்று அக்கா முடிவெடுத்து, பாட்டுப் புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்.

ஆனால் இந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய மூன்று நாளும் அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை. மெஷினில் அவருக்கு எதிரே நிற்கும் சசி அண்ணனும் அன்று இருமிக்கொண்டிருந்தார். கேட்டதற்குச் சிரித்தார்.

"பாடுனா நெஞ்சு பிடிக்கும்னா எனக்கு ஏன்டே பிடிக்குது? நான் குளிமுறியில கூட பாடுறதில்லையே."

திங்கட்கிழமைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. லீவு முடிந்து முதல் நாள் தூசுக்குள் வருவதுதான் விஷயம். போனில் தேடினேன். பஞ்சுத் தூசில் வேலை செய்பவர்களுக்கு இப்படி முதல் நாள் நெஞ்சு இறுகும் என்பது டாக்டர்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி. முதலில் ஒரு நாளோடு நிற்கும். கவனிக்காமல் விட்டால் வாரம் முழுக்கப் பரவும், பிறகு வேலையை விட்டாலும் முழுதாகப் போகாது.

அவசரக்காரன் நான். ஊதுகிற மூச்சின் வேகத்தை முள் காட்டுகிற பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, திங்கட்கிழமை காலையும் மாலையும் எல்லோரையும் ஊத வைத்தேன். மெஷின் பக்கம் நிற்கிற நாலு பேருக்கும் மாலையில் முள் இறங்கியிருந்தது. எழுதியதை மொதலாளி மேசையில் வைத்தேன்.

"எலே பி.எஸ்ஸி, இதென்ன பீப்பியா?" என்றார். "பஞ்சுல தூசு இல்லாம பின்ன பாலா இருக்கும்?"

நான் முகம் செத்து வெளியே வந்ததை அக்கா பார்த்திருக்கிறார்.

"ஒனக்க குழாய் அவருக்குப் புரியாது மக்கா. அவருக்குப் புரியுத மீட்டர் எனக்க கையில உண்டு."

மொதலாளியும் அதே சபைதான், மூன்றாவது பெஞ்ச். ஒரு கீர்த்தனையின் கடைசி வரியை அக்கா ஒரே மூச்சில் இழுத்து முடிப்பது அவருக்கு மனப்பாடம். அக்கா மறுபடி புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அடுத்த ஞாயிறு குழுவில் நின்று அந்த வரியைப் பாடினார். திங்கள் காலை எட்டு மணிக்கு மொதலாளி அறை வாசலில் நின்று அதையே பாடினார். கடைசிச் சொல் வரை மூச்சு வந்தது. மொதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, தலைமுடியெல்லாம் பஞ்சோடு, அதே வாசல், அதே வரி. பாதியில் மூச்சு அறுந்தது, இருமல் வந்தது. இடம் பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போ என்று அவர் சொல்லிவிடலாம்; அது தெரிந்துதான் அக்கா அந்த வாசலில் நின்றார். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

மொதலாளி எழுந்தே விட்டார். "நேத்தைக்கு முழுசும் பாடுனியே."

"பாடுனேன். நேத்தைக்குப் பஞ்சு இல்ல மொதலாளி."

அவர் நேரே போய் சுத்தம் செய்ய ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸரின் சுவிட்சை அணைத்தார். மறுநாள் அக்காவையும் சசி அண்ணனையும் தன் காரிலேயே நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். இன்ஹேலர் கொடுத்த டாக்டர், மருந்தைவிடத் தூசைக் குறைப்பதுதான் வைத்தியம் என்றாராம்.

இப்போது காற்றடிப்பதில்லை, வாக்குவம் வைத்து உறிஞ்சுகிறோம். மூக்கில் தோர்த்துத் துண்டு கட்டுவதை விட்டு என்95 மாஸ்க் போடுகிறோம். மெஷினுக்கு மேலே கவிழ்த்த தகர ஹூடும், தூசைப் பைக்குள் தள்ளுகிற ஃபேனும் சசி அண்ணன் கைவேலை. அக்கா ஜன்னல் ஓரத் தையல் மேசைக்கு மாறிவிட்டார். ஹால் ஒன்றுதான் என்பதால் தூசு இன்னும் கொஞ்சம் அங்கேயும் போகிறது.

ஹூட் போட்ட முதல் திங்கள் மாலை, அக்காவுக்கு அந்த வரியில் கடைசி இரண்டு சொல் மட்டும் மிச்சம் நின்றது. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அவர் என்னை அடக்கினார்: "ரெண்டு சொல்லு பாக்கி உண்டு, கேட்டியா."

நான் கற்றது இவ்வளவுதான். மீட்டர் வாங்குவதற்கு முன்னால், தூசுக்குள் நிற்கிறவரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். அவர் ஏற்கனவே அளந்து வைத்திருப்பார்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து திறக்கிற நாள்தான் அடுத்த சோதனை. அதற்குள் ஹூடை ஒரு சாண் இறக்கி, மெஷின் வாயை மூன்று பக்கமும் தகரத்தால் அடைக்கப் போகிறோம். வெட்ட வேண்டிய இடத்தில் சசி அண்ணன் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நான் மீட்டரோடு நிற்பேன், மொதலாளி வாசலில் நிற்பார், அக்கா பாடுவார். மூச்சு எந்தச் சொல்லில் நிற்கிறதோ, அங்கிருந்து அடுத்த வேலை.