ரிட்டர்ன்ஸ் ரூம் மல்லிகா அக்கா

மல்லிகா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். மாரடைப்பு. அவர் மகன் அனுப்பிய மெசேஜைத் திரும்பத் திரும்பப் படித்தும் மனதில் ஏறவில்லை...

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. 2000-களின் நடுவில், கல்யாணமாகிக் கோவையிலிருந்து புனே போன புதிதில், ஆன்லைனில் பொருள் விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். கராடி பக்கம் ஒரு குடோன்.

டெலிவரி ஆகாமல் திரும்பி வரும் பார்சல்கள் எல்லாம் எங்கள் அறைக்குத்தான் வரும். 'கதவு பூட்டியுள்ளது', 'அப்படி யாரும் இல்லை', 'வாங்க மறுத்தார்'... பிரித்துப் பார்த்து, காரணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பொருளை மறுபடி ஸ்டாக்கில் சேர்க்க வேண்டும். நானும் அக்காவும் மட்டும்.

ஜன்னல் கிடையாது. பொருள் திருடு போகிறது என்று, நாங்கள் உள்ளே இருக்கும்போதே ஷட்டரை இழுத்து வெளியே பூட்டிவிடுவார்கள். சாவி சூப்பர்வைசர் பாக்கெட்டில். பாத்ரூம் போவதற்குக்கூட அவருக்கு போன் செய்ய வேண்டும்.

முதல் நாளே அழுதுவிட்டேன். "அரே, அழாதடி. பானி குடி. போகப் போக ஆதத் ஆயிடும்" என்றார் அக்கா. புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவர்; அப்பாவுக்கு அங்கே ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரியில் வேலை. பாதி தமிழ், பாதி இந்தி. எனக்கு அந்தப் பூட்டு கடைசிவரை பழக்கமாகவில்லை.

சோலாப்பூர் பக்கம் கல்யாணமாகிப் போன ஒரு பெண்ணுக்கு, அவள் அண்ணன் பேங்க் எக்ஸாம் புத்தகங்கள் ஆர்டர் செய்திருந்தார். 'வாங்க மறுத்தார்' என்று அது திரும்பத் திரும்ப எங்களிடமே வந்தது.

ஒருநாள் அக்கா அந்த வீட்டுக்கே போன் போட்டார். நல்லவேளை, அந்தப் பெண்ணே எடுத்தாள். மராத்தியில் மெதுவாகப் பேசிவிட்டு வைத்தார்.

"பார்சல் வந்ததே அவளுக்குத் தெரியாதாம்டி. மாமியாக்காரி வாசல்லயே திருப்பி அனுப்பிடுதாம். பக்கத்துல தையல் கடை இருக்காம். அந்த அட்ரஸ் போடு."

"நம்ம மாத்தக்கூடாதுங்களேக்கா..."

"நீ டைப் பண்ணு. கேட்டா நான்தான்னு சொல்லு."

அதன்பிறகு பல நாள், புது மூட்டை வந்ததும் அக்கா முதலில் அந்தப் பார்சலைத்தான் தேடுவார். வரவே இல்லை. "நஹி ஆயா!" என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டிச் சிரிப்பார்.

அப்புறம் அந்த மழைக்கால மத்தியானம். நான் மாசமாக இருந்தேன். கரண்ட் போய்விட்டது, ஃபேன் நின்றது. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை.

எனக்கு மூச்சு முட்டியது. அக்கா ஷட்டரைத் தட்டினார். "சாஹேப் வந்தால்தான் திறப்பேன், சாவி அவரிடம்" என்று வெளியிலிருந்து மராத்தியில் சொன்னான் வாட்ச்மேன்.

அக்கா இருட்டில் துழாவி, திரும்பி வந்திருந்த ஒரு பிரஷர் குக்கரை எடுத்தார். ஷட்டரில் ஓங்கி ஓங்கி அடித்தார். குடோனே அதிர்ந்தது. கடைசியில் எதிரே மரக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து பூட்டை உடைத்தார்கள்.

மழையில் நின்று நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, சூப்பர்வைசர் வந்து முதலில் கேட்டது நசுங்கிய குக்கரைப் பற்றி.

"குக்கர் கிடக்கட்டும் சார், இந்தப் பொண்ணு முகத்தப் பாருங்க" என்று இந்தியில் கத்தினார் அக்கா. இடுப்பில் கைவைத்து, நனைந்தபடி. "இனிமே ஷட்டருக்குத் தாலா போட்டீங்கன்னா நான் உள்ள போக மாட்டேன்."

அதற்குப் பிறகு ஷட்டரை இறக்கினார்கள், பூட்டவில்லை. அவ்வளவுதான். ஜன்னல் வரவில்லை.

நான் வேலையை விட்டேன். நீங்களும் வந்துவிடுங்கள் என்றபோது அக்கா சொன்னது: "வீட்ல அவரு படுத்த படுக்கை. அங்கயும் நாலு சுவருதானடி. இங்க பேசவாவது ஆள் வரும்."

கம்பெனியை மூடும்வரை அந்த அறையில்தான் இருந்தார். பிறகு முழுநேரமும் வீடு.

கணவர் போன வருடம் காலமானார். மகன் வெளியூரில். கொஞ்ச நாள் கழித்து அக்காவிடமிருந்து ஒரு போன். பின்னால் ஒரே ரயில் சத்தம்.

"எங்க கிளம்பிட்டீங்கக்கா?"

"எங்கயும் இல்லடி. கட்கி ஸ்டேஷன்ல சும்மா உக்காந்துருக்கேன். எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவேன்னு கேக்க யாரும் இல்ல. எங்க போறதுன்னும் தெரியல..."

சாயங்காலம் கட்கியில் தகனம். பழைய குடோன் ஆட்கள் யாராவது புனேயில் இருந்தால் தயவுசெய்து போங்கள். கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

போய்ட்டு வாங்கக்கா...