ஐந்தாம் நம்பர் டப்பா

சாந்த் பாஷா யாரையும் முதலில் முகத்தில் பார்ப்பதில்லை. கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். ரம்ஜான் மாதத்தில் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பக்கவாட்டுக் கேட்டருகே நோன்புக் கஞ்சி அண்டாவுக்குப் பின்னால் வந்து நிற்பார். தூக்குவாளியோடு வந்தால் பேச்சே இல்லை, ஊற்றிவிடுவார். பிளாஸ்டிக் என்றால் வாங்கித் தலைகீழாகத் திருப்பி, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் நம்பரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிப்பார். வரிசையில் நிற்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். அவருக்கு அதைவிட அதிகமாக வரும். விடியலிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல், ஊரை ஒட்டி நிற்கிற கோட்டைப் பாறை கக்குகிற வெக்கையில் மூன்று மணி நேரம் விறகடுப்பின் முன் நின்று காய்ச்சிய கஞ்சியை, கேக் வாங்கிய டப்பாவில் கேட்டால் யாருக்குத்தான் வராது.

மீதிப் பதினோரு மாதமும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடையில் அவருக்குப் பார்சல் கட்டுகிற வேலை. நம்பர் படிக்கிற பழக்கம் அங்கே ஓர் அமாவாசையன்று வந்தது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் கடையின் டப்பாக்கள் தீர்ந்துபோக, எதிர்க்கடையில் கண்ணாடி மாதிரி பளபளத்த டப்பாக்களை வாங்கி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற தால்ச்சாவைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிக் கொடுத்துவிட்டார். பஸ் கிளம்புவதற்குள் டப்பா சுருங்கிக் கோணிக்கொண்டு ஒரு பெண்ணின் மடியில் கவிழ்ந்தது. தொடையெல்லாம் கொப்புளம். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் கோணின டப்பாவோடு திரும்பி வந்து, இதில் கொதிக்கிறதை ஊற்றலாமா என்று கடை வாசலில் நின்று கத்தினார்.

மறுநாளே டப்பா சப்ளை செய்கிறவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். இங்கிலீஷ் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை, நம்பர்கள் நுழைந்தன. தண்ணீர் பாட்டிலும் அந்தப் பளபளப்பு டப்பாவும் ஒன்றாம் நம்பர். ஆறினது, குளிர்ந்தது வைக்கலாம், சூடு பட்டால் சுருண்டுவிடும். லேசாக அழுத்தினாலே படக்கென்று விரிசல் விடுவது ஆறு, அதற்குச் சூடும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. பால் பாக்கெட் நாலு. மெத்தென்று இருக்கும், ஆனால் கொதிக்கிறதை ஊற்றினால் இளகிப்போகும். ஐந்துதான் அவருடைய நம்பர். பார்க்கக் கொஞ்சம் மங்கல், அமுக்கினால் உடையாமல் வளையும், அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பையும் தாங்கும்.

இந்த வருடம் நோன்பு தொடங்கின நாலாம் நாள் சர்ஃபராஸ் ஆயிரம் டப்பாக்களோடு வந்து இறங்கினான். செல்போன் கடை வைத்திருக்கிறவன், பள்ளிவாசல் கமிட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். ஜனங்கள் கண்ட கண்ட கவரைக் கொண்டுவருவது பார்க்க நன்றாக இல்லை, இனி எல்லோருக்கும் ஒரே மாதிரி டப்பாவில் கொடுப்போம் என்றான். சாந்த் பாஷா ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஒன்றாம் நம்பர்.

"இது சூட்டுக்கு ஆவாது தம்பி."

"ஃபுட் கிரேடு மாமா. பெட்டி மேலயே போட்டிருக்குது பாரு."

சாப்பாடு வைக்கலாம் என்பது வேறு, கொதிக்கிற சாப்பாடு வைக்கலாம் என்பது வேறு என்று அவர் இரண்டு தடவை சொன்னார். சர்ஃபராஸ் இரண்டு தடவையும் பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததையே காட்டினான். வாங்கியாயிற்று, திருப்பி எடுக்க மாட்டார்கள் என்றான். கடைசியில் இவர்தான் இறங்கிப்போனார். கஞ்சியை அகலமான தாம்பாளங்களில் கொட்டி அரைமணி ஆறவைத்து அதில் ஊற்றினார். டப்பா லேசாகக் கோணியதே தவிரக் கவிழவில்லை. கோணியதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனசு பொருமியது.

அன்றைக்குத்தான் ரத்தினம்மாள் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

சந்தைக்குப் பின்தெருவில் இருக்கிறவள். அவள் புருஷன் துரைக்கண்ணு லாரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. சோறு தொண்டையில் நின்றுகொள்ளும், தண்ணீர் புரையேறும். நோன்புக் கஞ்சியின் பதத்துக்குத்தான் இருமாமல் இறங்கும். அவளும் வீட்டில் காய்ச்சிப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் நீர்த்துப்போகும், ஒருநாள் கட்டி தட்டும், அவர் துப்பிவிடுவார். அதனால் போன வருடம் ஒருநாள் விடாமல் தூக்குவாளியோடு வந்தாள். இந்த வருடம் அவருக்கு ரோஷம் வந்துவிட்டதாம். ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை, இடது கையால் தானே பிடித்துக் குடிக்கவேண்டும் என்கிறார். எவர்சில்வர் டம்ளர் கனத்து வழுக்குகிறது, பாட்டில் என்றால் பிடிக்கிறார் என்று வரிசையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

சாந்த் பாஷா பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நீட்டினார். இதில் ஊற்ற முடியாது, போய்த் தூக்கு எடுத்து வா என்றார்.

ரத்தினம்மாள் பாட்டிலை வாங்கவில்லை. மேசைமேல் அடுக்கியிருந்த புது டப்பா ஒன்றை எடுத்தாள். அவர் செய்கிற மாதிரியே திருப்பினாள், கண்ணருகே கொண்டுபோனாள்.

"இதுவும் ஒண்ணுதானே போட்டிருக்குது. எம் பாட்டிலுக்கு மட்டும் இன்னா பாய்?"

"அது கமிட்டி வாங்கினது."

சொன்ன உடனே, சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் டப்பாவை வைத்தாள், பாட்டிலை வாங்கிக்கொண்டாள், காலியாகவே நடந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. துரைக்கண்ணு இரண்டு நாளாகப் பாலில் நனைத்த பிஸ்கட்டோடு கிடக்கிறார் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். சாந்த் பாஷாவுக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. நாக்கில் நரம்பில்லாத ரத்தினம்மாள் மேல், டப்பா வாங்கிய சர்ஃபராஸ் மேல், அடியில் நம்பரைப் போட்டுவிட்டு அர்த்தத்தைப் போடாதவர்கள் மேல். கடைசியில் மிச்சமிருந்தது அவர்தான். ஆறின கஞ்சிக்கு அந்தப் பாட்டிலும் தாங்கியிருக்கும். கமிட்டிக்கு வளைந்துகொடுத்தவர், அவளிடம் மட்டும் சட்டம் பேசியிருக்கிறார்.

மூன்றாம் நாள் அகப்பையை சர்ஃபராஸ் கையில் திணித்தார். மீதி டப்பாவில் இனி பேரீச்சம்பழமும் ஆறின வடையும் போடு, கஞ்சியை யாராவது அதில் ஊற்றினால் நாளையிலிருந்து அடுப்பை நீயே மூட்டிக்கொள் என்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் கஞ்சி ஊற்றிய தூக்குவாளியோடு கிளம்பிவிட்டார். வழியில் பிரியாணிக் கடையில் தால்ச்சா ஊற்றித் தருகிற ஐந்தாம் நம்பர் சின்ன டப்பாவில் அரை டஜன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ரத்தினம்மாள் கதவைத் திறந்து, டப்பாக்களைப் பார்த்தாள்.

"கமிட்டிய கேட்டீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். துரைக்கண்ணுவின் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். டப்பாவில் பாதி ஊற்றி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, இடது கையில் கொடுத்தார் சாந்த் பாஷா. விரல்கள் இறுகின இடத்தில் டப்பா வளைந்துகொடுத்தது, வழுக்கவில்லை. புரையேறாமல் மோவாயைத் தாழ்த்திக் குடி என்று ரத்தினம்மாள் அதட்டினாள். ஒரு மடக்கு. கொஞ்சம் தாடியில் வழிந்தது. இருமல் வருமா என்று இரண்டு பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. இன்னொரு மடக்கு. டப்பா காலியானதும் இடது கையாலேயே அதை நீட்டினார்.

"உப்பு கம்மி," என்றார், இழுத்து இழுத்து.

சாந்த் பாஷாவுக்குச் சுருக்கென்றது. நோன்பு வைத்தவன் எப்படி ருசி பார்ப்பான், கை அளவில்தான் போடவேண்டும், இத்தனை வருடத்தில் ஒருத்தரும் குறை சொன்னதில்லை என்று பொரிந்தார். துரைக்கண்ணு அதையெல்லாம் கேட்டுவிட்டுக் காலி டப்பாவை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். இவர் ஊற்றினார்.

நோன்பு திறக்கிற பாங்குக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. கழுவிக் காயவைத்துத் திரும்ப உபயோகிக்கலாம், உள்ளே கீறல் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடு, கறை பிடித்தாலும் போட்டுவிடு என்று செருப்பு மாட்டியபடியே சொன்னார். அவள் அதற்குள் காலி டப்பாவைக் கழுவ எடுத்துப் போயிருந்தாள்.

மறுநாள் காய்ச்சும்போது அண்டாவில் இன்னொரு பிடி உப்பு விழுந்தது. அஸருக்குப் பிறகு ரத்தினம்மாள் வரிசையில் வந்து டப்பாவை நீட்டினாள். அவர் வாங்கித் திருப்பினார்.

"நீங்க குடுத்ததுதான் பாய்."

இருந்தாலும் நம்பரைப் படித்துவிட்டுத்தான் ஊற்றினார்.