மதில் நகரத்துக்கு வெறுங்கையோடு

எழுபதுகளில், நான் குடியிருந்த மெரிலேண்ட்ஸில் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர், நான் லண்டன் போகும் வழியில் இத்தாலியில் தன் ஊரில் இருக்கும் தாயைப் பார்த்துவரச் சொன்னார், தாய்க்கும் எழுதிவிட்டார். யாரோ ஒரு பிரபு, குறையே இல்லாத நகரம் அமைக்கிறேன் என்று மதில் சூழக் கட்டிய சின்ன ஊர் அது. வீதிகள் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் நேராக இருந்தன. கடைகள் மத்தியானத் தூக்கத்துக்குப் பூட்டியிருந்தன. ஒரு பிஸ்கட் பெட்டிகூட இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவதா? கதவைத் தட்டாமல் அரைமணி நேரம் வாசலில் நின்றுவிட்டு, மதிலைப் படம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்து, "அம்மா நல்ல சுகம்" என்று அவரிடம் சொன்னேன்.

"அம்மா எழுதியிருக்கிறா," என்றார். "சாப்பாட்டைச் செய்து வைச்சிட்டு, ஜன்னலால உம்மைப் பார்த்துக்கொண்டு நிண்டவவாம். ஏன் உள்ளுக்குப் போகேல்லை?"

"வெறுங்கையோட எப்பிடி..."

"அவ உம்மட கையையா பார்த்தவ? என்னைப் பற்றிச் சொல்ல ஒரு ஆள் வருதெண்டெல்லோ இருந்தவ."

பண்பாடு தெரிந்தவன் என்று அதுவரை எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.